நான்கு விரல் தண்ணீர்

நாடுகள் கடலின் அடித்தளத்துக்கு எப்படி உரிமை கோருகின்றன என்று எழுதித் தரும்படி கடலளவை வேலைக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். நான் அந்தக் காலத்தில் அந்த வேலையில் இருந்தவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தேன்தான். ஆனால் மொத்தமாக ஒரு பங்குனி மாதம். அந்த மாதத்தில் நாட்டின் எல்லை ஓரங்குலமும் நகரவில்லை. ஆகவே ஒரு நிபுணர் எழுதுகிறார் என்று நினைத்து இதை வாசிக்க வேண்டாம்.

கருவிகளைப் பற்றியும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நாங்கள் சுமந்த கருவிகளைக் கண்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அதில் எனக்குக் கோபமில்லை.

முதலில் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்குக் குடியேற்றத் திட்டத்தில் வந்தவர். ஊரில் இரண்டு பரப்புக் காணிக்குள் நெருக்குப்பட்டுக் கிடந்த மனிதருக்கு இங்கே ஏக்கர் கணக்கில் வயலும் வாய்க்கால் தண்ணீரும் கிடைத்தன. அவர் செய்த முதல் வேலை வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்தது. பக்கத்துக் காணிக்காரரும் எங்கள் ஊர்தான், ஆகவே அவருக்கும் அந்த வேலை தெரியும். மழை தொடங்கும்போது ஒரு கதியாலை, அதாவது நட்டால் தளிர்க்கிற வேலித் தடியை, அப்பால் தள்ளி நடவேண்டும். அது வேர் பிடித்ததும் எப்போதும் அங்கேதான் நின்றது என்று சொல்ல வேண்டும். பிறகு காணி அளக்கச் சேர்வயரைக் கூப்பிட வேண்டும்.

அப்பா கூப்பிட்ட சேர்வயர் நான். வேலையில் சேர்ந்த புதிது. சங்கிலி பிடித்து அளந்தேன். எங்கள் வேலிதான் ஒரு முழம் பின்னால் போக வேண்டியிருந்தது, போனது. அப்பா நெல்லு வெட்டி முடியும் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. எனக்குச் சோறு வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்பார், அம்மா என்னிடம் கேட்பார். இத்தனைக்கும் மூன்று பேரும் ஒரே குசினிக்குள், ஒரே அடுப்படியில்தான் இருப்போம்.

நாடுகள் செய்வதும் இதுதான். உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கா எழுந்து நின்று, தன் கரைக்கு அப்பால் கடலுக்குக் கீழே கிடக்கும் நிலம் தன் தரையின் தொடர்ச்சி என்றது. எண்ணெய் எடுக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் அந்தத் தொடர்ச்சி கண்ணில் பட்டது. மற்ற நாடுகளும் தங்கள் தங்கள் கதியாலை எடுத்துக்கொண்டு ஓடின. இந்த விஷயத்தில் நாங்கள் ஒன்றும் புதியவர்கள் இல்லை. எங்கள் தீவில் முத்தும் சங்கும் கிடக்கும் கடலடி, கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கிடந்தாலும், அரசுக்குத்தான் சொந்தம் என்று வெகு காலமாக நடந்து வந்தது. மீன், அதைப் பிடித்தவனுக்குச் சொந்தம். சங்கு அரசாங்கத்துக்குச் சொந்தம், ஏனென்றால் சங்கு தரையில் ஊர்கிறது.

பிறகு நாடுகளெல்லாம் ஜெனீவாவில் கூடி இதற்குச் சட்டம் எழுதின. கடலடி நிலம் ஒரு குறித்த ஆழம் வரை கரை நாட்டுக்கு உரியது. அதற்கு அப்பாலும், எவ்வளவு ஆழத்திலிருந்து பொருள் எடுக்க முடியுமோ அவ்வளவு ஆழம் வரை உரியது. அதாவது கை நீளமானவனுக்குக் காணியும் நீளம். இதை எழுதியவர்கள் எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள்.

ஆனால் எந்தக் கோரிக்கையும் ஒரு கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீர் வற்றிய வேளையில் கடலும் தரையும் சந்திக்கும் கோடு அது. அங்கிருந்து ஆறு மைல் எங்கள் கடல். அந்தக் காலத்தில் ஆறுதான். கடலடி நிலத்துக்கான கோரிக்கை அதற்கு வெளியே தொடங்கும். சட்டத்தில் ஒரு சலுகையும் இருந்தது. அந்த ஆறு மைலுக்குள் ஒரு பாறை இருந்து, நீர் வற்றும்போது அது வெளியே தெரிந்தால், அதன் விளிம்பிலிருந்தே ஆறு மைலைத் தொடங்கலாம். பாறை இயற்கையாக உண்டானதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நாடுகள் கல் கொண்டுபோய்க் குவித்துவிடும் என்று ஜெனீவாவில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருப்பார் போலிருக்கிறது.

முல்லைத்தீவுக்கு நேரே, கரையிலிருந்து ஐந்து மைலுக்குச் சற்று உள்ளாக, அப்படி ஒரு பார் இருந்தது. கடலுக்குள் கிடக்கும் பாறைத் திட்டைக் கடற்றொழிலாளர் பார் என்பார்கள். பழைய வரைபடங்களில் அது நீருக்குள் கிடப்பதாகக் குறித்திருந்தது. அவ்வழியால் போன ஒரு கப்பல் அது வெளியே தெரிவதாக எழுதி அனுப்பியது. கொழும்பில் எங்கள் மேலதிகாரியான அத்தியட்சகர் அதைப் படித்துவிட்டு, உள்நாட்டில் ஓமந்தைப் பக்கத்தில் குளக்கட்டு அளந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

அந்த மனிதர் கோபப்பட்டு நான் கண்டதில்லை, சிரித்தும் கண்டதில்லை. வெள்ளைச் சட்டை, நீல மூடி போட்ட பேனை, சீனி போடாத தேத்தண்ணி. ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது. போவதற்கு முன் தன் கையால் நாட்டுக்கு ஒரு துண்டுக் கடலடியைச் சேர்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. அந்தப் பாரைப் பற்றிப் பேசும்போது மட்டும் பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார்.

வாடைக் காற்று ஓய்ந்து கடல் படுத்த நேரம். நான் முல்லைத்தீவுக்குப் போய்ச் சவிரிமுத்து என்பவரின் வள்ளத்தில் ஏறினேன். பாரை அடைந்தபோது நீர் வற்றியிருந்தது. கப்பல்காரன் எழுதியது சரி, வெளியேதான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது கருங்கல். முல்லைத்தீவுக் கரையில் ஒரு நாயை விரட்டக்கூடக் கல் பொறுக்க முடியாது, எல்லாம் மணல். கடலுக்குள் கிடப்பதோ வெளிறிய முருகைக் கல், அதாவது பவளப் பாறை. அதன் தலையில் பூசணிக்காய் அளவில் குந்திக்கொண்டிருந்தவை, நான் முந்திய கிழமை வரைக்கும் மிதித்துக்கொண்டு திரிந்த ஓமந்தைப் பக்கத்துக் கற்கள்.

"இதுகளை ஆர் கொண்டந்து போட்டது?" என்று கேட்டேன்.

"எங்கடை ஆக்கள்தான் ஐயா. கடலிலை போய் உடம்பு கிடைக்காத ஆக்களுக்கு, வீட்டுக்காரர் ஒரு கல்லு வைக்கிறது. அப்பு காலத்துக்கு முந்தியே இருக்கு."

"அதுக்கேன் அவ்வளவு தூரத்திலை இருந்து?"

"அவையளுக்கு ஆறடி மண் கிடைக்கேல்லைத்தானே. தரையிலை இருந்து ஒரு கல்லெண்டாலும் வரவேணும்."

முன்பு மாட்டு வண்டியில் வந்த கல் இப்போது பஸ்ஸின் கூரையில் வருகிறது என்றும், கொண்டக்டர்மார் அதற்குக் காசு கேட்பதில்லை என்றும் சொன்னார். ஆகப் புதிய கல்லைத் தொட்டுக் காட்டினார். அது அவருடைய அண்ணருக்கு.

கரைக்குத் திரும்பும் வழியில் அண்ணரின் கதை வந்தது. வாடை முடிகிற கையோடு சுறா வலை போடத் தனியாகப் போனவர் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் வள்ளத்தை வெறுமையாகக் கண்டார்கள். அவருடைய மனைவி திரேசம்மா மரணத்தைப் பதியப் போனார். பதிவாளர் மிகவும் கவனமான மனிதர். ஆறு மைல் பற்றிய சுற்றறிக்கை அவருக்கு அப்போதுதான் வந்திருந்தது. வள்ளம் எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்று சவிரிமுத்துவிடம் கேட்டிருக்கிறார். எட்டு மைல் இருக்கும் என்று சவிரிமுத்து சொல்லியிருக்கிறார். அப்படியானால் இறந்தது இலங்கைக்கு வெளியே, அது தன் பகுதி அல்ல என்று பதிவாளர் புத்தகத்தை மூடிவிட்டார்.

திரேசம்மாவுக்கு அந்தப் பத்திரம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கரைவலை இழுக்கக் கடற்கரையில் ஒதுக்கப்பட்ட துண்டுக்குப் பாடு என்று பெயர். அவர்களுடைய பாடு புருஷன் பேரில் இருந்தது. வலைக்காலம் தொடங்குமுன் அவர் நேரில் போய்ப் புதுப்பிக்க வேண்டும், அல்லது அவர் இறந்துவிட்டார் என்று காட்டி மனைவி தன் பேருக்கு மாற்ற வேண்டும். அந்த மனிதரால் நேரில் போகவும் முடியவில்லை, அரசாங்கக் கணக்கில் சாகவும் முடியவில்லை. பாடு தவறினால் வேறொரு சம்மாட்டி, அதாவது வலை முதலாளி, எடுத்துக்கொள்வார், அவர் ஏற்கெனவே வலைக்குத் தார் பூசத் தொடங்கிவிட்டார். திரேசம்மாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வேறு ஒன்றும் இல்லை.

கரையில் திரேசம்மா காத்து நின்றார். நான் ஏதோ பெரிய இடத்து ஆள், எல்லைக்கோட்டு வேலையாக வந்தவன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ள ஏலாதா என்று கேட்டார். இதைக் கேட்கத் திரேசம்மாவுக்கு இருந்த உரிமை வேறு எந்த நாட்டுக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பார் கணக்கில் சேர்ந்தால் கோடு அங்கிருந்து ஆறு மைல் போகும், எட்டு மைல் உள்ளுக்குள் விழுந்துவிடும் என்று சொன்னேன்.

"அப்ப பார் தண்ணிக்கு மேலை தெரிஞ்சால் காணுமோ, போதுமோ?"

"காணும். ஆனால் கல்லு தெரிஞ்சால் காணாது அக்கா. பார் தெரியவேணும்."

கண்டதைக் கண்டபடி, திரேசம்மாவின் கதையையும் சேர்த்து, அறிக்கையில் எழுதினேன். அத்தியட்சகர் அடுத்த கிழமையே புறப்பட்டு வந்தார், கூடவே கல் நெம்பும் அலவாங்கு பிடித்த கூலியாட்களும் வந்தார்கள். அவருடைய முடிவு சட்டப்படி சரியானது. மனிதர் வைத்த கல்லை அகற்றிவிட்டு இயற்கைப் பாறையை மட்டும் அளப்பது. அது தெரிந்தால் நாட்டுக்குச் சொந்தம், தெரியாவிட்டால் இல்லை. இதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

அதைச் சொல்லத்தான் கோயில் வளவில் ஆட்களைக் கூட்டினோம். அவர்கள் வேதக்காரர், கோயில் என்றது மாதா கோயிலை. அத்தியட்சகர் கதிரையில் இருக்காமல் நின்றபடியே விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். பின்னால் நின்ற திரேசம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"எடுத்துப்போட்டு அதுகளை எங்கை வைப்பியள்?"

அத்தியட்சகர் பேனையை எடுத்தார், மூடியைக் கழற்றினார், பூட்டினார். ஜெனீவாவிலும் இதை யாரும் கேட்கவில்லை. கூலியாட்கள் அலவாங்குகளை மெதுவாகச் சுவரோடு சாத்திவிட்டுத் தள்ளி நின்றார்கள். அவர்களும் வீட்டில் செத்த வீடு கண்டவர்கள்.

உங்களுக்கு இது விளங்க வேண்டும். திரேசம்மாவின் பாடு தப்ப வேண்டுமென்றால் கல்லுகள் எழும்ப வேண்டும். எழும்ப வேண்டிய கல்லுகளில் அவருடையது ஒன்று, மற்றவையெல்லாம் மற்ற வீடுகளின் கல். எடுங்கோ என்று அவரால் சொல்ல முடியாது. எடுக்கக் கூடாது என்றும் அவரால் சொல்ல முடியாது. அந்த வளவில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது.

கடைசியில் சவிரிமுத்துதான் வாய் திறந்தார். "அலவாங்கு வேண்டாம். நாங்களே எடுக்கிறம். அவரவர் கல்லை அவரவர் வள்ளத்திலை வைச்சிருக்கிறம். நீங்கள் அளந்து முடிய, இருந்த இடத்திலை திருப்பி வைக்கிறம்."

அத்தியட்சகர் கொஞ்சம் யோசித்தார். சட்டம் அதைத் தடுக்கவில்லை என்றார். அதைவிட அன்பான ஒரு வார்த்தையை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை.

அமாவாசைக்கு மறுநாள், நீர் நன்றாக வற்றும் காலை வேளை பார்த்துப் போனோம். அந்தக் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. அன்று திரேசம்மா ஏறினார், ஒருவரும் தடுக்கவில்லை. பாரைச் சுற்றி வள்ளங்கள் நின்றன. ஆண்கள் இறங்கித் தங்கள் தங்கள் கல்லைத் தூக்கினார்கள். எது யாருடையது என்று ஒரு தகராறும் வரவில்லை. தூக்கிய கல்லை வள்ளத்தின் அடியில் போடவும் ஒருவரும் ஒருப்படவில்லை, மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். திரேசம்மாவும் தன் புருஷனின் கல்லை மடியில் வைத்துச் சீலைத் தலைப்பால் ஈரம் துடைத்தார்.

அடியில் கிடந்த பழைய கற்கள் வரவில்லை. எத்தனையோ காலம் கிடந்து, சிப்பியும் முருகையும் பிடித்துப் பாரோடு பாராக ஒட்டிவிட்டன. அவற்றுக்கு உரிய வீடுகளும் யாருக்கும் ஞாபகமில்லை. இவற்றை என்ன செய்வது என்று நான் கேட்டேன். கையால் தூக்க வருவது கல், வராதது பாறை என்று அத்தியட்சகர் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். போதிய காலம் கிடந்தால் செத்தவர்களும் இயற்கையில் சேர்ந்துவிடுகிறார்கள். சர்வதேச சட்டத்தில் இதற்கு இன்னும் இடம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்படிக் கணக்குப் பார்த்தும் உயரம் போதவில்லை. நான் மட்டக்கோலைப் பாரின் ஆக உயர்ந்த தலையில் ஊன்றினேன். தண்ணீர் கோலில் நான்கு விரல் உயரத்துக்கு நின்றது. அத்தியட்சகர் இன்னொரு முறை பார் என்றார். பார்த்தேன். நான்கு விரல். இடம் மாற்றி ஊன்றச் சொன்னார். ஊன்றினேன். அது ஐந்து.

அப்போது ஒரு அலை வந்து, விலகும்போது பாரின் தலை ஒரு கணம் வெளியே தெரிந்தது. பழுப்பு நிறம், மேலே பாசி. எல்லோரும் கண்டார்கள். அடுத்த அலைக்கும் தெரிந்தது.

"ஐயா, தெரியுது," என்றார் திரேசம்மா. கெஞ்சவில்லை. ஏதோ நான் கவனிக்கவில்லை என்று நினைத்துச் சொல்வது போலச் சொன்னார்.

நான் அத்தியட்சகரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார். கோலை வாசிப்பவன் நான், எழுதுபவர் அவர். நான் தெரிகிறது என்று சொன்னால் அவர் தெரிகிறது என்று எழுதுவார். ஏறக்குறைய ஐந்து மைல் கடலுக்குள் வந்து, நான்கு விரல் தண்ணீரை அளக்க இன்னொருவன் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. நாட்டுக்கு ஒரு துண்டுக் கடலடி சேரும், அவருக்கு ஆசை நிறைவேறும், ஒரு பெண்ணுக்குப் பாடு மிஞ்சும். நட்டமடைவது யார் என்று தேடினால் நண்டுகூட இல்லை. இவ்வளவு நல்ல பொய் சொல்ல எனக்கு அதற்குப் பிறகு ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். அப்போது நீங்கள் கொள்கைகளை நினைத்துக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நினைவு வந்தது எங்கள் குசினியும், அம்மா வழியாக வந்த சோறும்தான். அப்பாவுக்குக் கொடுக்காத ஒரு முழத்தை அரசாங்கத்துக்குக் கொடுப்பதா என்று ஒரு வீம்பு வந்தது. அது நல்ல காரணம் என்று நான் சொல்லவில்லை.

"தெரியுதுதான் அக்கா. ஆனால் அது அலை. பார் தண்ணிக்குக் கீழைதான் கிடக்கு," என்றேன்.

திரேசம்மா தலையைக் குனிந்து மடியில் கிடந்த கல்லைப் பார்த்தார். அத்தியட்சகர் நான் சொன்ன அளவை எழுதி, பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். பிறகு அதை வெளியே எடுக்கவில்லை. அவருடைய கடலடி அங்கேயே போயிற்று.

கற்கள் திரும்பவும் இருந்த இடங்களில் ஏறின. அதற்கு எடுத்ததைவிடக் கூட நேரம் பிடித்தது, ஏனென்றால் எடுக்கும்போது இருந்த அவசரம் வைக்கும்போது ஒருவருக்கும் இருக்கவில்லை. கரைக்குத் திரும்பும்போது அத்தியட்சகர் எங்கள் வள்ளத்தின் முன்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு எதிரே திரேசம்மா. பாதி வழியில் அத்தியட்சகர் சவிரிமுத்துவின் பக்கம் திரும்பி, அண்ணரின் வள்ளம் கிடந்த இடம் எட்டு மைல் என்று யார் அளந்தது என்று கேட்டார்.

சவிரிமுத்து சவள் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். "அளக்கேல்லை ஐயா. பதிவாளர் எத்தனை மைல் எண்டு கேட்டார், சொன்னனான். ஏழெண்டால் குறைஞ்ச மாதிரி இருந்தது."

அந்த மக்கள் மைலில் தூரம் பார்ப்பதில்லை. கோயில் கோபுரம் அமிழ்ந்த இடம், பனைகள் அமிழ்ந்த இடம் என்றுதான் பார்ப்பார்கள். அரசாங்கம் மைலில் கேட்டதால் அவர் மரியாதைக்கு மைலில் சொல்லியிருக்கிறார். அண்ணர் கிட்டடியில் போய்த் தொழில் செய்கிற ஆள் இல்லை என்ற பெருமையும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும். இந்த எட்டு மைலை வைத்துத்தான் பதிவாளர் புத்தகத்தை மூடினார். திரேசம்மா என்னிடம் வந்தார். நான் பாரைக் காட்டினேன். ஒரு ஊரே தன் செத்தவர்களின் கல்லைத் தூக்கி மடியில் வைத்தது. அளப்பதே தொழிலாகக் கொண்ட எங்களில் ஒருவர்கூட அந்த எண்ணை யார் அளந்தது என்று அதுவரை கேட்கவில்லை. கடலடியை அளக்கப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அத்தியட்சகர் இன்னும் கேட்டார். வள்ளத்தைக் கண்டது மறுநாள். அதற்குள் அது நீரோட்டத்தில் எங்கிருந்து எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணரைக் கடலில் கண்டவர் எவரும் இல்லை, அவர் எல்லோருக்கும் முதல் இறங்கிப் போனவர். அப்படியானால் அவரைக் கடைசியாகக் கண்டவர் யார் என்று கேட்டார். சவிரிமுத்து திரேசம்மாவின் பக்கம் பார்த்தார்.

அன்றைக்குத் திரேசம்மா குடிதண்ணீர்க் குடத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வள்ளத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார். வள்ளம் அலை தாண்டும் வரைக்கும் நின்றிருக்கிறார். பதிவாளர் இதைக் கேட்கவில்லை. கடலில் நடந்ததைக் கடலுக்குப் போகாத பெண்ணிடம் கேட்பானேன் என்று விட்டிருப்பார்.

கரையில் இறங்கியதும் அத்தியட்சகர் தான் தங்கியிருந்த வாடிவீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றவில்லை. முழங்கால் வரை நனைந்த காற்சட்டையோடு நேரே பதிவாளரின் கந்தோருக்குப் போனார், நாங்கள் பின்னால் போனோம். பதிவாளர் எழுந்து நின்றார். எட்டு மைல் என்பது அளக்கப்பட்ட தூரம் அல்ல, அந்த எண்ணைக் கொண்டு எதையும் நாட்டுக்கு உள்ளே என்றோ வெளியே என்றோ சொல்ல முடியாது, இதைத் தன் பதவியின் பேரால் எழுதித் தருகிறேன் என்றார். அப்படியானால் எங்கே இறந்தார் என்று எழுதுவது என்று பதிவாளர் கேட்டார். தெரியாது என்று எழுதுங்கள் என்றார் அத்தியட்சகர். தெரிந்தது பதிவாளரின் பகுதிக்குள் நடந்தது, அதை மட்டும் அதற்குக் கீழே எழுதச் சொன்னார்.

பதிவாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவருக்கு ஒரு பயம் இருந்தது. இந்தப் பெண்ணுக்காகப் பரிந்து கொழும்பு துரை எல்லையை வளைக்கிறாரோ, நாளைக்குத் தன் தலை உருளுமோ என்று பயந்தார். அதை நேரே கேட்க முடியாமல், இன்று காலை பாருக்குப் போனீர்களாமே, என்ன அளவு வந்தது என்று என்னிடம் கேட்டார். நான்கு விரல் தண்ணீர், பார் கணக்கில் வராது என்றேன். பதிவாளர் என்னையும் அத்தியட்சகரின் ஈரக் காற்சட்டையையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார்.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். இறந்த இடம் தெரியாது. கடைசியாக உயிரோடு காணப்பட்ட இடம் முல்லைத்தீவுக் கடற்கரை. கடைசியாகக் கண்டவர், மனைவி. இது சரிதானா என்று திரேசம்மாவிடம் கேட்டார்.

திரேசம்மாவின் சீலை கல் இருந்த இடத்தில் இன்னும் நனைந்திருந்தது. அவர் அந்த ஈரத்தைக் கையால் ஒருமுறை தடவினார்.

"ஓம்," என்றார். "நான்தான் கண்டனான்."